தீவனக் கிடங்கில் பறவை நுழையும் திறப்பை வரைபடத்திலேயே மூடுங்கள்: ஒரு திறந்த மடல்

பண்ணைக் கட்டடங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், கட்டித் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும், வரைபடம் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தீவனக் கிடங்கில் புறா அடைகிறது, மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டியில் குருவிக் கூட்டம் இறங்குகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், அது பண்ணைக்காரரின் அன்றாடத் தொல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. வெடி போடு, பொம்மை கட்டு, மருந்து வை என்று யோசனை சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பறவை எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், அநேகமாக அது வரைபடத்திலேயே விட்டுவைத்த ஒரு திறப்பாக இருக்கும். கூரைத் தகட்டின் நெளிவுக்கும் சுவர்த் தலைக்கும் நடுவில் உள்ள சந்து, வலையில்லாத முகட்டுத் திறப்பு, தரையைத் தொடாமல் நிற்கும் கதவு. கட்டும்போதே மூடியிருந்தால் சிறிய வேலை. தீவனம் நிரப்பி, பறவை கூடு கட்டி, முகட்டுக்கு ஏணி வைக்க இடமில்லாமல் போன பிறகு மூடுவது மிகப் பெரிய வேலை. ஆகவேதான் இந்த மடலைப் பண்ணைக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

இழப்பு எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு மாடப்புறா நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். 200 புறா அடையும் கிடங்கில் அது நாளுக்கு 6 கிலோ, ஆண்டுக்கு 2 டன்னுக்கு மேல். மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங்கும் கிட்டத்தட்ட அதே அளவு தின்கிறது. குளிர்நாடுகளில் அது ஆயிரக்கணக்கில் தொழுவத்தில் இறங்கும். தின்னும் அளவைவிடத் தின்னும் விதம் மோசமானது. ஸ்டார்லிங்கின் அலகு கெட்டியான தானியத்தை உடைக்காது. அதனால் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனத்தில் அரைத்த, அவித்துத் தட்டையாக்கிய சோளத்தை மட்டும் பொறுக்கிவிட்டு நாரை விட்டுவைக்கும். தொட்டியில் தீவனம் குறைந்ததாகவே தெரியாது. ஆனால் மாவுச்சத்து குறைந்துபோயிருக்கும். கணக்குப் பார்த்துக் கலந்த தீவனம் மாட்டின் வாய்க்குப் போகும்போது வேறொன்றாகியிருக்கும். கறவை குறைந்ததற்கான காரணத்தை மாட்டிடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரியது எச்சம். சால்மொனெல்லா கிருமி பறவை எச்சத்தின் வழியே தீவனத்துக்கு வரும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல், அதாவது நியூகாசில் நோயின் வைரஸ் வகை ஒன்றைப் புறாக்கள் சுமக்கின்றன. 1984ல் பிரிட்டனில் கோழிப் பண்ணைகளுக்கு அந்நோய் பரவியபோது, தடம் பிடித்துப் போனவர்கள் லிவர்பூல் துறைமுகத்தின் கிடங்குகளில் போய் நின்றார்கள். அங்கே அடைந்த நோயுற்ற புறாக்கள் தீவன மூலப்பொருளை மாசுபடுத்தியிருந்தன. அந்தத் தீவனம் போன பண்ணைகளுக்கு நோயும் போனது. எத்தனை கவனமாகக் கோழி வளர்த்தாலும், வேறெங்கோ ஒரு கிடங்கின் கூரையில் இருந்த திறப்பு அந்தக் கவனத்தை வீணாக்கிவிட முடியும் என்பதை அது காட்டியது.

இனி அளவுகளுக்கு வருவோம். வரைபடத்தில் நீங்கள் எழுதவேண்டிய எண்கள் இவை. சிட்டுக்குருவியைத் தடுக்க, எந்தத் திறப்பும் 19 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஸ்டார்லிங், மைனா அளவுப் பறவைகளுக்கு 28 மி.மீ, புறாவுக்கு 50 மி.மீ போதும். "இங்கே புறாதான் அதிகம், 50 மி.மீ வலை போதும்" என்று சிக்கனம் பார்க்காதீர்கள். புறா வெளியேறிய கிடங்கில் சிட்டுக்குருவிக்குப் போட்டியே இல்லை. வலைக்குப் பின்னால் பத்திரமாகக் கூடு கட்டிக்கொள்ளும். தீவனம் இருக்கும் கட்டடத்தில் பறவையைத் தடுக்க 19 மி.மீ என்பதே ஒரே அளவு.

இந்த அளவிலேயே நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லவேண்டும். பின்னிய வலைகளுக்கு இரண்டு விதமாக அளவு சொல்வார்கள். ஒன்று, ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை உள்ள பக்க அளவு. மற்றொன்று, வலைக்கண்ணை இழுத்து நீட்டினால் எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே வரும் அளவு. அது பக்க அளவைப்போல் இரண்டு மடங்கு. 19 மி.மீ பக்கமுள்ள வலையும் 38 மி.மீ இழுப்பளவு வலையும் ஒன்றேதான். ஒப்பந்தத்தில் வெறுமனே "19 மி.மீ வலை" என்று எழுதினால் எது வரும் என்பது விற்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது. "பக்க அளவு 19 மி.மீ" என்று எழுதுங்கள். வந்து இறங்கியதும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளையாத வெல்டு கம்பிவலையாக இருந்தால் சதுரக் கண்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் 19க்குள் இருந்தால் மறுபக்கம் சற்று நீண்டாலும் குருவி புகாது. கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோணப் பின்னல் வலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கம்பி மெல்லியது, இழுத்தால் கண் விரியும், ஓரிடத்தில் அறுந்தால் பின்னல் பிரிந்துகொண்டே போகும்.

எலிக்கும் பறவைக்கும் ஒரே வலை போட்டுவிடலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். சுண்டெலியைத் தடுக்க 6 மி.மீ கண் வேண்டும். மூட்டை அடுக்கும் கிடங்குக்கு அது சரியானதே. அங்கே காற்றோட்டத் திறப்புகளுக்கு 6 மி.மீ வலையே போடுங்கள், பறவையும் சேர்ந்தே நிற்கும். தொழுவத்துக்கு அதைப் போட்டால் மூச்சு முட்டும். கணக்கு இதுதான்: 19 மி.மீ கண்ணும் 1.5 மி.மீ கம்பியும் உள்ள வலையில் 100 பங்கு பரப்புக்கு 86 பங்கு திறந்திருக்கும். 6 மி.மீ கண்ணும் 1 மி.மீ கம்பியும் என்றால் 73 பங்குதான். அதுவும் புதிதாக இருக்கும்போது. தீவனத் தூசும் ஒட்டடையும் சேரும்போது சிறிய கண்தான் முதலில் அடையும்.

ஆகவே வலை போடுவதாக இருந்தால், திறப்பின் அகலத்தையும் சேர்த்தே கூட்டவேண்டும். இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் மாட்டுத் தொழுவத்தில், கட்டட அகலத்தின் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 5 செ.மீ முகட்டுத் திறப்பு என்பது பழகிய விதி. 12 மீட்டர் அகலத் தொழுவத்துக்கு 20 செ.மீ. அதில் 19 மி.மீ வலை போட்டால் 23 செ.மீ ஆக்குங்கள். இந்த 3 செ.மீட்டரை யாரும் கூட்டுவதில்லை. வலை போட்ட பிறகு உள்ளே ஈரம் கோத்து, அமோனியா நெடி ஏறி, மாடு இருமத் தொடங்கியதும், பண்ணையாள் ஏறி வலையைக் கிழித்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எங்களால் முடியாது. மாட்டின் மூச்சா, தீவனமா என்று தேர்ந்தெடுக்கும் நிலையில் அவரை நிறுத்தியது வரைபடம்தான்.

முகட்டில் வலையைக் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களாக அமையுங்கள். பாதுகாப்பாக ஏறிப் போய்த் தூசு தட்ட வழி வையுங்கள். தூசு தட்ட முடியாத வலை என்றைக்காவது கிழிக்கப்படும்.

அடுத்து இறவாரம். தகரக் கூரையின் நெளிவு சுவர்த் தலையில் உட்காரும் இடத்தில், ஒவ்வொரு நெளிவுக்கும் ஒரு ஓட்டை இருக்கும். கட்டடத்தின் இரு பக்கமும் அடி முதல் கடைசி வரை நூற்றுக்கணக்கான வாசல்கள். இதற்கென நெளிவின் வடிவத்திலேயே நுரைப்பட்டைகள் கிடைக்கின்றன. பெரும்பாலோர் அதைச் சொருகிவிட்டு முடிந்தது என்கிறார்கள். குருவி அதைக் கொத்திக் கொத்திப் பிய்த்து எடுத்துவிடும், எலியும் கடித்துவிடும். நுரைப்பட்டைக்கு வெளிப்புறமாக நெளிவின் வடிவில் வெட்டிய உலோகப் பட்டையையோ, கம்பிவலைக் கீற்றையோ திருகு போட்டு நிறுத்துங்கள். கூரைத் தகடு ஏற்றுவதற்கு முன்பு என்றால் இது தரையில் நின்றே செய்து முடிக்கும் வேலை.

பக்கவாட்டில் திரை இறக்கி ஏற்றும் தொழுவங்களில், வலை உள்ளே, திரை வெளியே. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடவேண்டும். காற்றில் திரை உரசிக்கொண்டே இருந்தால் திரையோ வலையோ ஒன்று அறுந்துபோகும். தீவனம் அள்ளும் லோடர் இயந்திரத்தின் வாளி எட்டும் உயரம்வரை வலை போடாதீர்கள், கெட்டியான சுவராகவே கொண்டுவாருங்கள். வலை கிழிவதில் பெரும்பங்கு பறவையால் நேர்வதில்லை. வாளியின் மூலை ஒருமுறை இடித்தால் போதும்.

பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. தொழுவத்தின் ஈரமும் அமோனியாவும் சேர்ந்த காற்று துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். கம்பிவலையாக இருந்தால் வெல்டு செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையை வாங்குங்கள். முதலில் பூசி, பிறகு வெல்டு செய்த வலையில் ஒவ்வொரு வெல்டுப் புள்ளியிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். முகடுபோல எட்ட முடியாத இடங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு வலை தகும். பின்னல் வலையாக இருந்தால் வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலந்த முடிச்சுப் பாலித்தீன் வலை. அதைக் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் பட்டி போட்டால், வலை உழைக்கும், பட்டி வெயிலில் நொறுங்கிவிடும். பிறகு விளிம்பு தொங்கும், அந்த வழியாகவே பறவை வரும். ஆணிக் கொக்கிகளும் மரத்திலிருந்து கழன்றுவிடும். வாஷர் வைத்த திருகை 15 முதல் 20 செ.மீட்டருக்கு ஒன்றாகப் போடுங்கள்.

கூரைக்குக் கீழே, உத்தரங்களுக்கு அடியில் வலையைக் கிடைமட்டமாக இழுத்துக் கட்டுவதும் உண்டு. பக்கங்கள் திறந்தே இருக்கவேண்டிய கொட்டகைகளில் இதுதான் வழி: பறவை வந்தாலும் அடைவதற்குக் கிளை இருக்காது. இதற்குச் சுற்றிலும் எஃகு வடம் ஓடவேண்டும். அதை 50 செ.மீட்டருக்கு ஒரு கொளுவியில் தாங்கி, முனைகளில் திருகி இறுக்கும் அமைப்பு வைத்து, வலையின் விளிம்பை வடத்தோடு உலோக வளையங்களால் கோக்கவேண்டும். தளர்ந்த வலை தொங்கும், பறவை சிக்கிச் சாகும். செத்தது அழுகித் தீவனத்தின் மேல் விழும். விளக்கு மாற்றவும் மின்விசிறி பார்க்கவும் வலையில் ஜிப் வைத்த திறப்பு தேவை. அது இல்லாவிட்டால் மின்பணியாளர் கத்தியால் ஒரு திறப்பை உண்டாக்கிக்கொள்வார்.

உட்புறத் தட்டையான இடங்களைக் குறைப்பதும் வரைபடத்திலேயே ஆகிற காரியம். உத்தரத்தின் மேல்பக்கம், சுவர்த் தலை, ஜன்னல் விளிம்பு ஆகியவற்றைக் குறைந்தது 45 பாகைச் சரிவாக முடியுங்கள். 60 பாகை என்றால் புறா நிற்கவே முடியாது. ஊசிமுள் பட்டைகள் புறாவுக்கு மட்டும் ஆகும். சிட்டுக்குருவிக்கு அந்த முட்கள் கூட்டைத் தாங்கும் சட்டமாகவே அமைந்துவிடும்.

கதவு விஷயத்தில் எங்கள் கருத்து கடுமையானது. நன்றாக வலையடித்த கிடங்கு கெடுவது பெரும்பாலும் திறந்தே கிடக்கும் கதவால்தான். வண்டி போகும் பெரிய கதவு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, ஆளும் அதன் வழியாகவே போகவேண்டும் என்று கட்டினால், அந்தக் கதவை நாள்முழுக்கத் திறந்துதான் வைப்பார்கள். ஒவ்வொரு பெரிய கதவுக்கும் பக்கத்தில், தானாக மூடிக்கொள்ளும் சிறிய ஆள்கதவு ஒன்று வேண்டும். பெரிய கதவின் உட்புறம் தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கட்டும். தொழுவ வாசலுக்கு 25 செ.மீ அகலப் பட்டைகளை 5 செ.மீக்கு மிகாத இடைவெளியில் தொங்கவிட்டாலே பறந்து வரும் கூட்டம் தயங்கும். தீவனக் கிடங்குக்கு இடைவெளியே கூடாது, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கவேண்டும். நாளடைவில் பட்டைகள் சுருண்டு மேலேறும்; மாற்றுவதற்கு எளிதாகக் கொக்கியில் மாட்டும் வகையைப் போடுங்கள். கதவின் அடியில் ரப்பர் அல்லது தூரிகை விளிம்பு இருக்கட்டும், தரை சமமாக இருக்கட்டும். கதவு நேராக இருந்து தரை பள்ளமாக இருந்தால் பயனில்லை.

சைலோ, அதாவது தீவனம் சேமிக்கும் உயரமான மூடிய கலம், வைத்திருக்கும் பண்ணைகளில் தீவனம் மூடியே இருக்கிறது, பறவைக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்கலாம். சிந்துவதுதான் வேலை. திருகுக்குழாய் தீவனத்தை இழுக்கும் அடிப்பெட்டி, லாரியின் குழாய் பொருந்தும் வாய், மூட்டை பிரிக்கும் மேடை ஆகிய மூன்று இடங்களிலும் எப்போதும் சிந்தும். அந்த மூன்று இடங்களுக்கும் கழுவிப் பெருக்கத் தோதான, வெடிப்பில்லாத கான்கிரீட் தளம் வையுங்கள். மண் தரையில் சிந்திய தானியத்தை யாராலும் முழுதாக அள்ள முடியாது. பறவைக்கு அந்தச் சிந்தல்தான் விளம்பரம். சைலோவின் மேல்மூடியைத் தரையிலிருந்தே திறந்து மூடும் கயிற்றமைப்பும் வேண்டும். ஏணியேறி மூடவேண்டிய மூடி மழை நாளிலும் திறந்தே கிடக்கும். திறந்த மூடி வழியே மழைத்தண்ணீர் இறங்கி, தானியத்தின் ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். பறவைக்காக மூடும் ஒவ்வொரு திறப்பும் பெரும்பாலும் மழைக்காகவும் மூடவேண்டியதாகவே இருக்கிறது.

சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம், பிளாஸ்டிக் சுற்றிய உருளைகளாகவும் பைகளாகவும் இருக்கும். அந்த உருளைகள், சைலேஜ் பைகள் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். வரைபடத்தில் இவற்றுக்கு இடமே ஒதுக்கப்படுவதில்லை, கிடைத்த மூலையில் போடுகிறார்கள். காகம் கொத்திய ஒரு சிறு துளை போதும், காற்று உள்ளே போகும். ஈஸ்ட் நுண்ணுயிர்கள் விழித்து, புளிப்பைக் காத்துவந்த லாக்டிக் அமிலத்தைத் தின்னத் தொடங்கும். சைலேஜ் சூடாகும், பிறகு பூசணம். துளை விரல்நுனி அளவு. கெடுவது கைகொள்ளாத அளவு. வயலில் சுற்றி முடித்த உருளையை அங்கேயே விட்டுவைக்காமல் உடனே சேமிப்பு இடத்துக்குக் கொண்டுவரவேண்டும். அறுத்த வயலில் இரை தேடும் பறவைகள் அங்கேயே கொத்தும். உருளையைத் தட்டையான முகம் கீழிருக்க நிறுத்திவைத்தால், பிளாஸ்டிக் அதிகம் மடிந்திருக்கும் பக்கம் மேலே வரும். அதன்மேல் வலை விரிக்கும்போது பிளாஸ்டிக்கை ஒட்டி விரித்தால் காகம் வலைக்கண் வழியாகவே கொத்தும். பழைய டயரோ சட்டமோ வைத்து வலையைத் தூக்கி நிறுத்தவேண்டும். துளையைக் கண்டால், துடைத்து உலர்த்தி, சைலேஜுக்கென்று விற்கும் வெயில் தாங்கும் ஒட்டுப்பட்டையை ஒட்டவேண்டும். சாதாரண ஒட்டுப்பட்டை வெயிலில் சுருங்கிக் கழன்றுவிடும். இந்த இடத்துக்கு வரைபடத்தில் ஒரு தளமும், வலை கட்டும் தூண்களும் குறித்துக் கொடுங்கள். மரத்தடியில் வேண்டாம், காகம் உட்கார்ந்து பார்க்க அதுவே இடம்.

முற்றிலும் மூட முடியாத திறந்தவெளித் தொழுவம் என்றால், அங்கே தீவனம் போடும் முறையில்தான் தடுக்கவேண்டும். 13 மி.மீட்டருக்கு மேல் தடித்த பெல்லட்டை (அழுத்திச் செய்த தீவன வில்லையை) ஸ்டார்லிங்கால் விழுங்க முடியாது, 5 மி.மீ குருணைப் பெல்லட்டை அது அள்ளி விழுங்கும். அந்தப் பறவை பொழுது சாயுமுன் அடைவிடத்துக்குக் கிளம்பிவிடும். ஆகவே அடர்தீவனத்தின் பெரும்பங்கை அந்திக்கு மாற்றலாம். தண்ணீர்த் தொட்டியில், விளிம்பில் உட்கார்ந்து எட்டாத அளவு தாழ்வாகவும், இறங்கி நின்றால் மூழ்கும் அளவு ஆழமாகவும் நீர்மட்டத்தை நிறுத்தலாம். தண்ணீர் கிடைக்காத இடத்தில் தானியம் தின்னும் பறவை நெடுநேரம் தங்காது.

இப்போது, கட்டடத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நம்புகிறவர்களுக்கு. பிளாஸ்டிக் ஆந்தை அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் பறவைகள் சில நாளில் பழகிவிடும். வெடிச்சத்தமும் அப்படியே. காதுக்குக் கேட்காத மீயொலிக் கருவியை வாங்கவே வேண்டாம்: மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், பெரும்பாலான பறவைகளுக்கு 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் கேட்காது. நமக்கே கேட்காத ஒலி பறவைக்கு எப்படிக் கேட்கும்? தீவனத்தில் மிளகாய்த்தூள் கலப்பதாலும் பயனில்லை. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் பறவைகளின் நரம்புகளில் வேலை செய்வதில்லை. எலிக்கும் மாட்டுக்கும் எரியும், பறவைக்கு எரியாது. வெளிச்சம் மங்கிய நேரத்தில் பச்சை லேசர், அடையும் புறாக்களை எழுப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆளின் கண்ணிலும் மாட்டின் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்ளப் பயிற்சி வேண்டும், எழுப்பிய புறா திரும்பி வரத் திறப்பு இருக்கவும் கூடாது. விரட்டும் முறை எதுவானாலும், திறப்பை மூடும் அந்த வாரத்தில் மட்டும் உதவும்.

நஞ்சு வைக்காதீர்கள், வைக்கச் சொல்லாதீர்கள். நஞ்சுண்டு விழுந்த பறவையை ஆந்தையும் பூனையும் நாயும் தின்னும். செத்தது தீவனத்துக்குள்ளேயே விழும். பல நாடுகளில் காட்டுப்பறவையைக் கொல்வது குற்றமும் ஆகும். 1958ல் சீனாவில் சிட்டுக்குருவியைப் பயிரின் எதிரி என்று அறிவித்து நாடு முழுவதும் கொன்றார்கள். குருவி தின்றுவந்த பூச்சிகள் பெருகின. 1960ல் குருவியை ஒழிக்கவேண்டிய உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கி, மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். சிட்டுக்குருவி பல இடங்களில் குறைந்துவரும் பறவை; குஞ்சுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் பூச்சிதான். அதைத் தீவனத்திலிருந்து விலக்கி வைத்தால் போதும்.

தகைவிலான் என்னும் பறவைக்காகவும் ஒரு வார்த்தை. அது தானியம் தின்னாது, பறக்கும் பூச்சியை மட்டுமே பிடிக்கும். தொழுவத்தில் ஈயையும் கொசுவையும் குறைக்கும் பறவையை வலை போட்டு வெளியேற்றுவது எங்களுக்கு வருத்தம்தான். தீவனக் கிடங்கை முழுதாக மூடுங்கள். தீவனம் இல்லாத ஒரு சார்ப்புக் கூரையை மட்டும் அதற்குத் திறந்துவிடுங்கள். கூட்டுக்கு அடியில் ஒரு பலகை வைத்தால் எச்சம் அதில் நின்றுவிடும்.

ஏற்கனவே கட்டி முடித்த கிடங்கைத் திருத்தும் பணியை மேற்பார்வையிடுகிறவர்களுக்கு வரிசை முக்கியம். நண்பகலில் எல்லாக் கதவையும் மூடி, விளக்கை அணைத்து, உள்ளே கொஞ்ச நேரம் நில்லுங்கள். கண் பழகியதும் வெளிச்சம் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். 19 மி.மீ தடிமனுள்ள ஒரு கோலை எடுத்துக்கொண்டு, எட்டும் இடமெல்லாம் நுழைத்துப் பாருங்கள். கோல் போனால் குருவி போகும். அந்தியில் வெளியே நின்று, எந்தத் திறப்பில் பறவை நுழைகிறது என்று பாருங்கள். எச்சம் கோடாக விழுந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் அது அடைகிறது.

பிறகு கூடு இருக்கிறதா என்று தேடுங்கள். சிட்டுக்குருவி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். புறாவுக்கு அடைகாக்க 18 நாள் அளவும், குஞ்சு பறக்க மேலும் 4 முதல் 5 வாரமும் வேண்டும். குஞ்சு உள்ளே இருக்கும்போது மூடினால் தாய் வெளியே முட்டி மோதும், குஞ்சு உள்ளே செத்து நாறும். கூடில்லாத காலத்தைத் தேர்ந்தெடுங்கள். சிந்தலை அள்ளி, எல்லாத் திறப்பையும் மூடி, ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். உள்ளிருப்பதை அதன் வழியாக வெளியேற்றி, அதையும் மூடுங்கள். சிக்கிக்கொண்ட குருவியைத் துரத்த வேண்டாம். உள்ளே இருட்டாக்கி, ஒரு கதவில் மட்டும் வெளிச்சம் விட்டால் தானே போய்விடும்.

ஒரு பண்ணை மூடிய வாரத்தில் அங்கிருந்த கூட்டம் பக்கத்துப் பண்ணைக்குப் போகும். அதனால் அக்கம்பக்கத்துப் பண்ணைகள் ஒரே வாரத்தில் மூடும்படி ஏற்பாடு செய்வது அதிகாரிகளால் மட்டுமே முடியும். எங்களில் யாராலும் அடுத்தவர் கிடங்குக்கு நாள் குறிக்க முடியாது.

பழைய எச்சத்தை அள்ளும்போது காய்ந்த நிலையில் பெருக்கவே கூடாது. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும், கூட்டமாக அடையும் இடங்களின் எச்சமும் மண்ணும் கலந்த தூசில் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் இருக்கலாம். இரண்டும் மூச்சில் ஏறி நுரையீரலைத் தாக்கும். முதலில் தண்ணீர் தூவி நனைத்து, என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசமும் கையுறையும் போட்டு, மண்வாரியால் வழித்து, பையில் கட்டி அகற்றவேண்டும். கூலியாள் துடைப்பத்தைக் கொண்டு வந்து தூசு கிளப்பும் காட்சியை நீங்கள் எங்கே கண்டாலும் உடனே நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்து பயன் இருந்ததா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. ஒரே அளவுத் தட்டு இரண்டில் 5 கிலோ வீதம் ஒரே தீவனத்தை எடை போட்டு வையுங்கள். ஒன்றன்மேல் 6 மி.மீ கம்பிக்கூண்டைக் கவிழ்த்துவிடுங்கள், மற்றது திறந்திருக்கட்டும். ஒரு நாள் கழித்து இரண்டையும் எடை போடுங்கள். காற்றின் ஈரத்தால் கூடுவதும் குறைவதும் இரண்டிலும் ஒரேபோல இருக்கும். மீதி வித்தியாசம் தின்று போனது. எலியின் பங்கைப் பிரிக்க, தட்டுகளைப் பொழுது விடிந்து வைத்து அந்தியில் எடுங்கள். திருத்தும் முன் ஒருமுறை, திருத்திய பின் ஒருமுறை.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு தீவனக் கிடங்கு, தொழுவ வரைபடத்திலும் இறவாரம், முகடு, கதவடி, குழாய்வாய் என்று ஒவ்வொரு திறப்புக்கும் மூடும் முறையும் அளவும் எழுதியிருக்கவேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். கட்டி முடித்ததும், தீவனம் இறக்குமுன், நண்பகலில் கதவை மூடி உள்ளே நின்று பார்க்கும் சோதனையை ஒப்புதல் தரும் அதிகாரியே செய்யட்டும். வலையிட்ட திறப்பைத் தவிர வேறெங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையை நிறுத்திவையுங்கள். ஒப்படைக்கும்போது வலையின் பக்க அளவு, கம்பித் தடிமன், எந்த வடத்தை எப்போது இறுக்குவது, எந்தச் சட்டத்தை எப்போது கழற்றித் தூசு தட்டுவது என்று ஒரு தாளில் எழுதி, கிடங்குக் கதவின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தீவனச் சேமிப்பிலும் கால்நடைப் பராமரிப்பிலும் பணிபுரியும் நாங்கள்